கரண்ட்டும் நெட்டும் சேர்ந்து வரும் நேரம்



போன எபிசோடு கடைசியில், "நான் பாட்காஸ்ட் எல்லாத்தையும் டெர்மினல்லதான் இறக்குறேன்"னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். வந்த பதில்களில் பாதி ஒரே கேள்வி: எதுக்கு? ஆப் இருக்கு, ப்ளே அமுக்கினா ஓடுது, இந்தக் காலத்துல யாரு உட்கார்ந்து டவுன்லோட் பண்றா?

பதில் ரெண்டே வார்த்தை. எங்க அத்தை.

அத்தைன்னா அப்பாவுக்கு ஒன்னுவிட்ட அக்கா. யாங்கூன்ல இருக்காங்க. 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது, 1964-ல் கடைகளையும் வியாபாரத்தையும் அரசு எடுத்துக்கிட்டது, அப்போ நம்ம ஆளுங்க கப்பல் கப்பலாக் கிளம்பினாங்க. எங்க தாத்தாவும் மெட்ராஸுக்கு வந்துட்டார். அவர் தம்பி வரல. "இங்கேயே பார்த்துக்கலாம்"னு இருந்துட்டார். அந்தச் சின்னத் தாத்தாவோட பொண்ணுதான் அத்தை. எங்க அப்பா பிறகு வேலைக்கு சிங்கப்பூர் வந்து, நான் இங்க பிறந்தேன். ஒரு குடும்பம், மூணு ஊர்.

அத்தைக்குத் தமிழ் நல்லாப் பேச வரும். படிக்க வராது. அவங்க பள்ளிக்கூடம் போற வயசுல, 1960-களின் நடுவில், தனியார் பள்ளிகளும் அரசு கைக்குப் போயிடுச்சு. பாடமெல்லாம் பர்மிய மொழியில். தமிழ் எழுத்து கத்துக்கணும்னா கோயில்ல யாராவது வகுப்பு எடுத்தாத்தான் உண்டு. அத்தைக்கு அது அமையல. அதனால அவங்களுக்குத் தமிழ் முழுக்க முழுக்கக் காது வழியா வந்த மொழி. வீட்டுப் பேச்சு, அனோயாதா சாலை காளி கோயில்ல கேட்கிற பேச்சு, சினிமாப் பாட்டு, ரேடியோ. இப்போ பாட்காஸ்ட்.

உங்களில் எத்தனை பேருக்கு இது பழகின கதை? பேசுவோம், எழுத்துன்னா தடுமாறுவோம். அப்போ புரியும், கதை சொல்ற ஒரு பாட்காஸ்ட் நின்னு போனா அத்தைக்கு எது நின்னு போகுதுன்னு.

ராத்திரி ஒரு மணிக்கு நெட் போகும்

2021 பிப்ரவரி 1 அன்னைக்கு மியான்மரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அந்த வாரமே முகநூலை அடைச்சாங்க. அடுத்து ட்விட்டர், இன்ஸ்டாகிராம். பிப்ரவரி 15-லிருந்து ஒரு புது வழக்கம்: ராத்திரி 1 மணிக்கு நாடு முழுக்க இணையம் நிற்கும், காலை 9 மணிக்கு வரும். ஏப்ரல் கடைசி வரைக்கும் இப்படியே, எழுபது ராத்திரிக்கு மேல. மார்ச் 15-ல் மொபைல் டேட்டாவை நிறுத்தினாங்க. ஏப்ரல் 2-ல் வயர்லெஸ் பிராட்பேண்டும் போச்சு. மிச்சம் இருந்தது வீட்டுக்குள்ள கம்பி வந்த ஃபைபர் மட்டும்.

இதோட வேதனையைப் புரிஞ்சுக்க ஒரு பத்து வருஷம் பின்னாடி போகணும். ஒரு காலத்துல மியான்மரில் ஒரு சிம் கார்டு 2,000 டாலருக்குப் போச்சு. 2013-ல் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தாங்க. 2014-ல் அவங்க கடை திறந்ததும் அதே சிம் 1,500 கியாட்டுக்கு வந்துடுச்சு. வீட்டுல லேண்ட்லைனும் பார்க்காத, கம்ப்யூட்டரும் பார்க்காத ஒரு தலைமுறை நேரா ஸ்மார்ட்போனுக்குத் தாவிச்சு. ஏழே வருஷம். அந்தக் கதவைத்தான் திரும்ப மூடினாங்க.

பின்னாடி மொபைல் டேட்டா கொஞ்சம் கொஞ்சமா வந்தது. கூடவே விலையும் ஏறிச்சு. 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி. அதுக்கப்புறம் கரண்ட். யாங்கூன்ல பல மாசம் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும்ங்கிற கணக்கு. கரண்ட் இருக்கும்போது நெட் மெதுவா இருக்கும். நெட் நல்லா இருக்கும்போது ரவுட்டருக்குக் கரண்ட் இருக்காது. ஸ்ட்ரீமிங்குக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வேணும், அதுவும் நீங்க கேட்க உட்கார்ற அந்த நேரத்துலயே வேணும்.

டவுன்லோடுக்கும் ரெண்டும் சேர்ந்து வரணும். ஆனா ஒரு நாள்ல எப்போ வந்தாலும் போதும், நீங்க தூங்கும்போது வந்தாலும் சரி. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அது பெரிய வித்தியாசம்.

அத்தை இதுக்கு ஆச்சரியப்படவே இல்ல. ஷார்ட்வேவ் காலத்து ஆள் அவங்க. பிபிசி தமிழோசை 1941-ல் ஆரம்பிச்சு 2017 ஏப்ரல் 30 வரைக்கும் ரேடியோவில் வந்துச்சு. குறிச்ச நேரத்துல ரேடியோ முன்னாடி உட்காரணும், இல்லன்னா அன்னைக்குப் போச்சு. "அப்போவும் நேரம் பார்த்துத்தானேடா கேட்டோம்"ங்கிறாங்க.

ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான்

யாங்கூன்ல அத்தை மகன், என் மச்சான், பழைய லேப்டாப் ஒண்ணு வெச்சிருக்கான். அவன் பேரைச் சொல்ல மாட்டேன், ஏன்னு கடைசியில புரியும். பாட்காஸ்ட் ஆப் எதைத் திறந்தாலும் முதல்ல அட்டைப் படங்கள், பரிந்துரைகள், விளம்பரம்னு இறங்கும். கேட்க வேண்டிய எபிசோடு வரிசையில கடைசியில நிற்கும். "டேய், படம் பார்த்தே டேட்டா காலி"ன்னான். அங்கதான் கருப்புத் திரைக்குப் போனோம்.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. பாட்காஸ்ட்டுங்கிறது அடிப்படையில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஆர்எஸ்எஸ் ஊட்டம்னு சொல்வோம். ஒவ்வொரு எபிசோடுக்கும் தலைப்பு, தேதி, அப்புறம் "என்க்ளோஷர்"னு ஒரு வரி. அந்த வரியில மூணு தகவல்: ஆடியோ எங்க இருக்கு, எத்தனை பைட், என்ன வகை. 2000-ம் ஆண்டு டிசம்பரில் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ்ஸில் சேர்த்தது இது. "பாட்காஸ்டிங்"ங்கிற பேரே 2004-லதான் வந்துச்சு. இந்த டெக்ஸ்ட்டைப் படிக்கத் தெரிஞ்ச எந்தப் புரோகிராமும் பாட்காஸ்ட்டை இறக்கலாம். நடுவுல எந்த ஆப் கம்பெனியும் தேவையில்ல.

நாங்க பயன்படுத்துறது நியூஸ்போட், அதோட கூடவே வர்ற பாட்போட். முதலாவது ஊட்டங்களைப் படிக்கும், ரெண்டாவது ஆடியோவை இறக்கும். செட்டிங் ரொம்ப எளிது. "யூஆர்எல்ஸ்"னு ஒரு ஃபைல், வரிக்கு ஒரு ஊட்ட முகவரி. பட்டியல்ல நின்னு "இ" எழுத்தை அமுக்கினா எபிசோடு வரிசையில சேரும். பாட்போட்டைத் திறந்து "டி" அமுக்கினா இறங்கும். ஜிபாட்டர் பிடிக்கும்னா அதுக்கும் டெர்மினல் வடிவம் இருக்கு, பேரு ஜிபிஓ. லேப்டாப்பே இல்லாதவங்க ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ் போட்டு கர்ல், டபிள்யூகெட் ரெண்டையும் வெச்சே சமாளிக்கலாம்.

இன்னொரு நல்ல குணம். ஒவ்வொரு முறையும் முழு ஊட்டத்தையும் இறக்க வேண்டியதில்ல. "நான் கடைசியா வந்ததுக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கா?"ன்னு நியூஸ்போட் கேட்கும். மாறலைன்னா சர்வர் 304-னு ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிடும். நூத்துக்கணக்கான எபிசோடு உள்ள ஒரு ஊட்டத்துக்கு இது நிஜமான சேமிப்பு.

நாங்க பண்ணின தப்புகள்

முதல் தப்பு, நேரம். தானா இறக்குறதுக்கு எல்லாரும் பண்றதையே மச்சானும் பண்ணினான்: க்ரான்ல ராத்திரி 3 மணின்னு போட்டான். 2021 மார்ச் அது. 3 மணிக்கு நாட்டுலயே நெட் இல்ல. ஸ்கிரிப்ட் பாவம், ஓடிச்சு, ஒண்ணும் கிடைக்கல, சத்தம் போடாம முடிஞ்சுது. ஒரு வாரம் அத்தைக்குப் புதுசா எதுவும் வரல. ஷோ நின்னுடுச்சுன்னே அவங்க நினைச்சுட்டாங்க. சரி, 9 மணின்னு மாத்தினான். சில நாள் லைன் 9:10-க்குத்தான் வரும். ஒரு தடவை முயற்சி பண்ணித் தோத்தா, அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கணும்.

க்ரானுக்கு ஒரு குறை உண்டு. குறிச்ச நேரத்துல மெஷின் அணைஞ்சிருந்தா, அந்த வேலையை அப்படியே மறந்துடும். கரண்ட் கட் ஆகிற ஊர்ல இது ஆகாது. அனாக்ரான் மறக்காது, மெஷின் எழுந்ததும் "நேத்து வேலை பாக்கி இருக்கே"ன்னு செய்யும். சிஸ்டம்டி டைமர் பயன்படுத்தினா அதுல "பெர்சிஸ்டன்ட்"னு ஒரு வரி இருக்கு, அதை "ட்ரூ" ஆக்கினா அதே பலன். இப்போ அவன் மெஷின்ல அரை மணிக்கு ஒரு தடவை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நெட் இருக்கான்னு பார்க்கும். இருந்தா இறக்கும், இல்லன்னா அடுத்த அரை மணிக்குப் பார்க்கும்.

ரெண்டாவது தப்பு, பாதியில நிற்கிறது. 57 எம்பி ஃபைல்ல 50 வந்ததும் கரண்ட் போச்சுன்னா, முதல்ல இருந்து ஆரம்பிக்கிறது அநியாயம். இதுக்கு வழி எப்பவோ இருக்கு. "இத்தனாவது பைட்டிலிருந்து கொடு"ன்னு சர்வரைக் கேட்கலாம். பெரும்பாலான சர்வர்கள் 206-னு பதில் சொல்லி மிச்சத்தை மட்டும் கொடுக்கும். டபிள்யூகெட்ல ஒரு கோடு, சின்ன "சி". கர்ல்ல ஒரு கோடு, பெரிய "சி", இடம் விட்டு இன்னொரு கோடு. பாட்போட் இதைத் தானே பார்த்துக்கும்.

ஆனா இங்க ஒரு வலை இருக்கு. சில பெரிய ஷோக்கள்ல, நீங்க கேட்கிற நிமிஷத்துல சர்வர் புது விளம்பரத்தைச் சொருகி ஃபைலைத் தரும். நேத்து பாதி இறக்கின ஃபைலும், இன்னைக்கு மிச்சம் தர்ற ஃபைலும் வேற வேற நீளம். ஒட்டினா நடுவுல ஒரு வாக்கியம் ரெண்டு தடவை வரும், இல்லன்னா ரெண்டு வாக்கியம் காணாமப் போகும். துப்பறியும் கதையில கொலைகாரன் பேரு வர்ற இடம் போயிடுச்சுன்னு அத்தை போன் பண்ணித் திட்டினாங்க. ரெண்டு நாள் மூளையைக் கசக்கினதுக்கு அப்புறம்தான் காரணம் பிடிபட்டது.

மூணாவது, தமிழ்ப் பேரு. லினக்ஸ்ல ஒரு ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போக முடியாது. ஆங்கில எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். அதுலயும் உயிர்மெய்யோட கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. "தொழில்நுட்பம்"னு எழுதினா நமக்கு ஏழு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13 குறி, 39 பைட். மொத்தம் 85 குறிதான் இடம். நம்ம ஷோக்கள் வைக்கிற தலைப்பு நீளத்துக்கு அது பத்தவே பத்தாது. "பேர் ரொம்ப நீளம்"னு பிழை வந்து எபிசோடு இறங்காமலே நின்னுடும். நியூஸ்போட்ல ஃபைல் பேரு எப்படி இருக்கணும்னு நாமே சொல்லலாம், அதனால தலைப்பை எடுத்துட்டு தேதியை மட்டும் வெச்சோம். அத்தைக்கும் அதான் வசதி. எழுத்து படிக்க மாட்டாங்க, எண் படிப்பாங்க.

(எழுத்துக் குழப்பம் மச்சானுக்குப் புதுசு இல்ல. மியான்மர் முழுக்க ஜாவ்ஜீன்னு ஒரு தனி எழுத்து முறையில ஓடிக்கிட்டிருந்து, 2019 அக்டோபர் 1-ல்தான் யூனிகோடுக்கு முறையா மாற ஆரம்பிச்சாங்க. நம்ம டிஸ்கி, டாப் காலம் மாதிரியே.)

சிங்கப்பூரிலிருந்து ஒரு கை

இவ்வளவு பண்ணியும் ஒரு கணக்கு இடிச்சது. ஒரு மணி நேர எபிசோடு, நொடிக்கு 128 கிலோபிட். 3,600 நொடியால பெருக்கி எட்டால வகுத்தா 57.6 எம்பி. வாரத்துக்குப் பத்து எபிசோடுன்னா 576 எம்பி. மெதுவான லைனுக்கு அது மலை.

பேச்சுக்கு அவ்வளவு தேவையே இல்ல. ஓபஸ்னு ஒரு ஆடியோ வடிவம் 2012-ல் தரமாக்கப்பட்டது, பேச்சைச் சுருக்குறதுல கெட்டிக்காரன். ஒரே சேனல்ல 24 கிலோபிட்டுக்கு மாத்தினா அதே ஒரு மணி நேரம் 10.8 எம்பி. பாட்டு கொஞ்சம் மட்டமாகும். கதையும் பேச்சும் தெளிவாவே இருக்கு.

ஆனா மச்சான் இறக்கின பிறகு சுருக்கினா மெமரி கார்டுல இடம்தான் மிச்சம், டேட்டா மிச்சமில்ல. அவன் பக்கம் வர்றதுக்கு முன்னாடியே யாராவது சுருக்கணும். அந்த யாராவது நான்தான். என் ரூம்ல ஒரு ராஸ்பெர்ரி பை சும்மாக் கிடந்துச்சு. இப்போ அது தினமும் ஊட்டங்களைப் பார்க்கும், முழு எபிசோடை இறக்கும், எஃப்எஃப்எம்பெக் வெச்சு ஓபஸாக்கும், தேதியைப் பேரா வைக்கும், ஒரு ஃபோல்டர்ல போடும். மச்சான் மெஷின் ஆர்சிங்க் மூலமா அந்த ஃபோல்டரை மட்டும் இழுக்கும். ஆர்சிங்க்ல "பார்ஷியல்"னு ஒரு வார்த்தை சேர்த்தா விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபைல் என் பக்கம் முழுசா உறைஞ்சு கிடக்கிறதால அந்த விளம்பர ஒட்டுப் பிரச்சனையும் போச்சு. ஒரு சின்னக் குறிப்பு: மச்சானோட பழைய போன் ஓபஸ் ஃபைலைத் திறக்கல. பேரோட வாலை "ஓஜிஜி"ன்னு மாத்தினதும் பாடிச்சு.

என் பக்கமும் ஒரு சொதப்பல் நடந்துச்சு. யாங்கூன் நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னாடி, சிங்கப்பூர் எட்டு மணி. நடுவுல ஒன்றரை மணி. அந்த அரை மணியை நான் மறந்துட்டேன். அவன் மெஷின் வந்து இழுத்துட்டுப் போன பிறகுதான் என் பை வேலையை முடிக்கும். ஒவ்வொரு நாளும் அத்தைக்கு நேத்துப் பொட்டலமே போச்சு. இப்போ ரெண்டு பக்கமும் உலக நேரத்துலதான் எழுதுறோம்.

கடைசிக் கிலோமீட்டர் இன்னும் பழைய வழி. லேப்டாப்பிலிருந்து மெமரி கார்டு, கார்டிலிருந்து அத்தை போன். அதே கார்டு ரெண்டு வீடு தள்ளி இருக்கிற ஒரு பாட்டிக்கும் போகுது.

இதுல விளையாட்டு இல்லாத பகுதி

இதைச் சொல்லாம முடிச்சா நான் நேர்மையா எழுதலன்னு அர்த்தம். 2021-க்கு அப்புறம் சோதனைச் சாவடியில போனை வாங்கிப் பார்க்கிறது அங்க நடக்குது. 2024 மே கடைசியில வி.பி.என்-களை முடக்க ஆரம்பிச்சாங்க. 2025 ஜனவரி 1-ல் வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், அனுமதி இல்லாம வி.பி.என் சேவை நடத்துறதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஸ்ட்ரீம் பண்ணினா ஆடியோ காதோட போயிடும். டவுன்லோட் பண்ணினா ஃபைலா நிற்கும். தேதி போட்ட பேரு, கேட்ட வரிசை, எல்லாமே கையில. நமக்கு வசதியா இருக்கிற அதே குணம் அங்க ஒருத்தருக்கு ஆபத்தா மாறலாம். அதனால என்ன வரணும், என்ன வரக்கூடாதுன்னு நான் முடிவு பண்றதில்ல. யூஆர்எல்ஸ் ஃபைல் மச்சான் கையில. அதுல இருக்கிறது கதை, சமையல், பக்தி, பழைய சினிமாப் பேச்சு. ஒரு தடவை நான் ஆர்வக்கோளாறுல ஒரு செய்தி ஷோவைச் சேர்த்து அனுப்பிட்டேன். அவன் கோபப்படல. "நீ அங்க இருக்க, நாங்க இங்க இருக்கோம்"னு மட்டும் சொன்னான். அன்னைக்கே எடுத்துட்டேன். கேட்டு முடிச்ச ஃபைல் ஒரு வாரத்துல தானா அழியற மாதிரி ஒரு வரியும் சேர்த்தோம்.

தூரத்துல இருந்து உதவுறவங்க எல்லாரும் இதை ஞாபகம் வெச்சுக்கணும். கருவி நம்மளோடது, ரிஸ்க் அவங்களோடது. அப்போ முடிவும் அவங்களோடதுதான்.

அத்தை கேட்ட கேள்வி

போன மாசம் அத்தை பேசும்போது, "நீ பேசுற அந்த ஷோ ஏண்டா வர்றதே இல்ல?"ன்னு கேட்டாங்க. நம்ம ஷோவைத்தான் சொல்றாங்க. மச்சான் அதை என் பை வழியா இல்லாம நேரா இழுத்துக்கிட்டிருந்திருக்கான், என் ஷோங்கிறதால ஒரு டவுன்லோட் கணக்குல ஏறட்டும்னு. போய்ப் பார்த்தேன். நாம 128 கிலோபிட், ஸ்டீரியோவில போட்டுக்கிட்டிருக்கோம். ரெண்டு பேர் பேசுற ஷோவுக்கு ஸ்டீரியோ எதுக்கு? அதோட தமிழ்த் தலைப்பு முழுசும் ஃபைல் பேருல. அவன் மெஷின்ல பாதி எபிசோடு அந்த 255 பைட் சுவர்ல முட்டி நின்னிருக்கு. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு, சொந்த ஷோவைப் பார்க்காம விட்டிருக்கேன்.

அதனால இந்த வாரத்திலிருந்து நம்ம எபிசோடுகள் 64 கிலோபிட், ஒரே சேனல். ஒரு மணி நேரம் 28.8 எம்பி, முன்னாடி இருந்ததுல சரி பாதி. ஃபைல் பேருல வெறும் எபிசோடு எண். கேட்க வித்தியாசம் தெரியுதான்னு நீங்களே சொல்லுங்க. உங்கள்ல யாராவது பாட்காஸ்ட் நடத்தினா, இந்த ரெண்டையும் இன்னைக்கே மாத்துங்க. பத்து நிமிஷ வேலை.

இன்னொண்ணு. உங்க குடும்பத்துலயும் யாழ்ப்பாணத்துலயோ, மலையகத்துலயோ, யாங்கூன்லயோ நெட் சரியில்லாத ஒரு அத்தை, ஒரு அப்பம்மா இருப்பாங்க. அவங்க என்ன கேட்பாங்கன்னு கேட்டுப் பாருங்க. அப்புறம் சும்மாக் கிடக்கிற அந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டுங்க. எங்கயாவது மாட்டிக்கிட்டா இந்த மடலுக்கே பதில் போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.

அத்தைகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "சரி, வரட்டும் கேட்கிறேன். நீ வேகமாப் பேசுற, கொஞ்சம் நிதானமாப் பேசு"ன்னாங்க. அதையும் இந்த வாரத்திலிருந்து முயற்சி பண்றேன்.

அடுத்த மடல்ல சந்திப்போம்.